காருக்குப் பின்னால் கேம்பிங் டிரெய்லர்... மைலேஜ் எவ்வளவு குறையும்? கண்டனூர் டூ ராமேஸ்வரம், கொடைக்கானல் - முழுக் கணக்கு!

விடுமுறைக்குக் கிளம்பும்போது ரூம் தேடி அலைய வேண்டாம், ஹோட்டல் சாப்பாட்டை நம்ப வேண்டாம். படுக்கை, அடுப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடலாம். வெளிநாட்டில் பல ஆண்டுகளாக இருக்கும் இந்த 'கேம்பிங் டிரெய்லர்' ஆசை இப்போது நம்ம ஊர்ப் பக்கமும் எட்டிப் பார்க்கிறது. 2021-ல் கேரள அரசு 'கேரவன் கேரளா' திட்டத்தை அறிவித்தது. 2023-ல் வெளியான தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் உண்டு.

ஆனால், டிரெய்லர் பற்றிப் பேச்செடுத்ததும் வீட்டில் வரும் முதல் கேள்வி ஒன்றுதான். "அதெல்லாம் சரி, டீசல் எவ்வளவு குடிக்கும்?"

கண்டனூரில் இருந்து கிளம்பும் ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு விடை தேடலாம். ஒரு ரூட் சமதரையில் ராமேஸ்வரம். இன்னொரு ரூட் மலையேறி கொடைக்கானல். வாங்க, விரிவாகப் பார்க்கலாம்.

கேம்பிங் டிரெய்லர் என்றால் என்ன?

கேரவன் என்றதும் பலருக்கும் சினிமா ஷூட்டிங்கில் நிற்கும் பெரிய பஸ்தான் ஞாபகம் வரும். அது இன்ஜினோடு தானே ஓடும் வண்டி. கேம்பிங் டிரெய்லர் அப்படி இல்லை. அதற்கு இன்ஜின் கிடையாது. ஓர் அச்சு, இரண்டு சக்கரம், மேலே படுக்கையும் சின்ன சமையல் மேடையும் உள்ள ஒரு பெட்டி, அவ்வளவுதான். கார் இழுத்தால்தான் நகரும்.

இதில் மூன்று வகைகளை அதிகம் பார்க்கலாம்.

* நீர்த்துளி வடிவம்: உயரம் குறைவு. உள்ளே படுக்க மட்டும்தான் முடியும். பின்பக்கக் கதவைத் தூக்கினால் சமையல் மேடை.
* மடக்கு வகை: ஓடும்போது தாழ்வாக மடங்கி இருக்கும். நிறுத்திய பிறகு கூரையை மேலே தூக்கி விரிக்கலாம்.
* பெட்டி வகை: உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். வசதி அதிகம். ஆனால் காரின் கூரையைத் தாண்டி உயரமாக நிற்கும்.

மைலேஜ் விஷயத்தில் இந்த மூன்றும் ஒன்றல்ல. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் டீசல் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும்.

டீசலைக் குடிப்பது எடையா, காற்றா?

"கனமான வண்டியை இழுக்குது, அதான் டீசல் ஜாஸ்தி" என்பதுதான் பொதுவான எண்ணம். இது பாதிதான் உண்மை.

கண்டனூரை ஒட்டியுள்ள புதுவயல், ரைஸ் மில்களுக்குப் பேர்போன ஊர். அங்கே நெல் மூட்டை அடுக்கிப் போகும் டிராக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் டிரெய்லரில் டன் கணக்கில் பாரம். ஆனால் வேகம் மணிக்கு 20 கி.மீ.தான். இந்த வேகத்தில் காற்று பெரிய தடையே இல்லை. டயர் தரையில் அழுந்தி உருளும்போது ஏற்படும் தடைதான் பெரிது. அதனால் டிராக்டர் டிரெய்லரில் எடைதான் டீசலைத் தீர்மானிக்கிறது.

கேம்பிங் டிரெய்லர் இதற்கு நேர் எதிர். எடை முக்கால் டன்னுக்குள்தான் இருக்கும். ஆனால் அது ஒரு உயரமான பெட்டி, அதை 80 கி.மீ. வேகத்தில் இழுக்கிறோம். பாம்பன் பாலத்தில் குடையை விரித்துக்கொண்டு நடந்தால் எப்படி இருக்கும்? குடையின் எடை ஒன்றுமே இல்லை. ஆனால் காற்று ஆளையே பின்னால் தள்ளும். அதே கதைதான் இங்கும்.

காற்றின் தடைக்கு ஒரு குணம் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். டயர் உருளும் தடை அப்படி இல்லை, வேகம் கூடினாலும் கிட்டத்தட்ட அதே அளவில்தான் இருக்கும். ஆகவே வேகம் ஏற ஏற, காற்றுக்குக் கொடுக்கும் டீசல்தான் எகிறுகிறது.

கணக்குக்கு என்ன எடுத்துக்கொண்டோம்?

கீழே வரும் எண்கள் இயற்பியல் கணக்கில் போட்டவை. உங்கள் வண்டிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

* கார்: ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள டீசல் எஸ்யூவி. டிரெய்லர் இல்லாமல் 80 கி.மீ. வேகத்தில் லிட்டருக்கு 15 கி.மீ. தருவதாக வைத்துக்கொள்வோம்.
* டிரெய்லர்: சாமான், தண்ணீரோடு 700 கிலோ. காரைவிட உயரமான பெட்டி வகை.
* டீசல்: ஒரு லிட்டரில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் உண்டு. அதில் 30 சதவீதம்தான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது. மீதி சூடாகவும் புகையாகவும் போய்விடும்.

எந்த வேகத்தில் எவ்வளவு மைலேஜ்?

* 60 கி.மீ. வேகம்: கார் மட்டும் 18 கி.மீ. | டிரெய்லரோடு சுமார் 13.4 கி.மீ.
* 80 கி.மீ. வேகம்: கார் மட்டும் 15 கி.மீ. | டிரெய்லரோடு சுமார் 10.5 கி.மீ.
* 100 கி.மீ. வேகம்: கார் மட்டும் 12.3 கி.மீ. | டிரெய்லரோடு சுமார் 8.2 கி.மீ.

எந்த வேகமாக இருந்தாலும் மைலேஜில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை காலி. ஆனால் கடைசி வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். 100-ல் டிரெய்லர் இழுத்தால் கிடைப்பது லிட்டருக்கு 8 கி.மீ. சொச்சம்தான். அதே டிரெய்லரை 60-ல் இழுத்தால் 13-க்கு மேல் கிடைக்கிறது. டிரெய்லரும் அதேதான், எடையும் அதேதான். மாறியது ஆக்சிலரேட்டரில் இருக்கும் கால் மட்டும்தான்.

டிரெய்லருக்காக மட்டும் செலவாகும் கூடுதல் டீசலைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 100 கி.மீ. தூரத்துக்கு 60 வேகத்தில் சுமார் 2 லிட்டர், 80-ல் 2.9 லிட்டர், 100-ல் 4 லிட்டர். இதில் காற்றுக்குப் போகும் பங்கு 60-ல் சுமார் 60 சதவீதம். 80-ல் 70 சதவீதத்துக்கு மேல். 100-ல் 80 சதவீதம்.

100 கிலோ குறைத்தால் எவ்வளவு மிச்சம்?

டிரெய்லரில் இருந்து 100 கிலோ சாமானை இறக்கிவிட்டால் என்ன ஆகும்? சமதரையில் ஒரே சீரான வேகத்தில் போனால், 100 கி.மீ. தூரத்துக்கு மிச்சமாவது வெறும் 110 மில்லி. ஒரு டம்ளர் டீசல்கூட இல்லை!

அதே 100 கி.மீ. தூரத்தை 80-க்குப் பதில் 60-ல் ஓட்டினால், டிரெய்லர் கணக்கில் மட்டும் 900 மில்லிக்கு மேல் மிச்சம். காரின் கணக்கையும் சேர்த்தால் 2 லிட்டரே மிச்சமாகும்.

அதற்காக எடை முக்கியமே இல்லை என்று நினைத்துவிடாதீங்க. ஊருக்குள் நின்று நின்று போகும்போது எடை பேசும். ஒவ்வொரு முறை நின்று மறுபடி 50 கி.மீ. வேகத்துக்கு வரும்போதும், 700 கிலோ டிரெய்லருக்காக மட்டும் சுமார் 6 மில்லி டீசல் கூடுதலாகப் போகிறது. ஸ்பீடு பிரேக்கர், பஸ் ஸ்டாண்டு, ரயில்வே கேட், ஆட்டு மந்தை என்று நூறு இடத்தில் நின்றால் அரை லிட்டருக்கு மேல் காலி. எடையின் இன்னொரு முகம் மலைப்பாதையில் தெரியும். அதற்குப் பிறகு வருவோம்.

ரூட் 1: கண்டனூர் - ராமேஸ்வரம்

காரைக்குடி, தேவகோட்டை, ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரம் சுமார் 150 கி.மீ. போக வர 300 கி.மீ. முழுக்கச் சமதரை. டீசல் விலை லிட்டருக்கு 93 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், டிரெய்லரோடு ஆகும் செலவு இது.

* 60 வேகத்தில்: சுமார் 22.4 லிட்டர், 2,080 ரூபாய்
* 80 வேகத்தில்: சுமார் 28.6 லிட்டர், 2,660 ரூபாய்
* 100 வேகத்தில்: சுமார் 36.6 லிட்டர், 3,400 ரூபாய்

60-க்கும் 100-க்கும் இடையே 14 லிட்டர், அதாவது 1,300 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஊர்களைத் தாண்டிப் போகும் சாலையில் 100-ல் தொடர்ந்து ஓட்டவும் முடியாது. ஏறி இறங்கி, பிரேக் பிடித்து, மறுபடி மிதித்து ஓட்டும்போது மிச்சமாகும் நேரம் கொஞ்சம்தான்.

இந்த ரூட்டில் டீசலைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, பக்கவாட்டுக் காற்று. 1988-ல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தில் காற்று எப்படி அடிக்கும் என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் உயரம் உள்ள டிரெய்லரின் பக்கவாட்டில் மணிக்கு 60 கி.மீ. வேகக் காற்று அடித்தால், கிட்டத்தட்ட 100 கிலோ எடைக்குச் சமமான விசை அதைப் பக்கமாகத் தள்ளும். டிரெய்லர் பாம்பு மாதிரி வளைந்து ஆடத் தொடங்குவது இப்படித்தான். எதிரே வரும் பஸ், லாரி கடக்கும்போது கிளம்பும் காற்றும் இதே வேலையைச் செய்யும்.

டிரெய்லர் ஆடத் தொடங்கினால் என்ன செய்வது? பதற்றத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க. ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பவும் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரில் இருந்து காலை மெல்ல எடுங்கள். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கும். காற்று பலமாக இருக்கும் நாளில் பாலத்தைக் கடக்காமல் இந்தப் பக்கமே காத்திருப்பது நல்லது.

ரூட் 2: கண்டனூர் - கொடைக்கானல்

மதுரை, வத்தலக்குண்டு வழியாகப் போனால் சமதரை சுமார் 150 கி.மீ., மலைப்பாதை சுமார் 60 கி.மீ. கொடைக்கானல் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்தில் இருந்து ஏறும் உயரத்தை 1,800 மீட்டர் என்று எடுத்துக்கொள்வோம்.

"மலை ஏத்துறதுக்குத்தான் டீசல் எல்லாம் போயிடும்" என்று தோன்றும். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 700 கிலோ டிரெய்லரை 1,800 மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவையான டீசல் சுமார் 1.15 லிட்டர். மலைப்பாதையில் டயர், காற்றுத் தடைக்கு இன்னும் 0.6 லிட்டர் சேர்த்தாலும் மொத்தம் 1.8 லிட்டருக்குள்தான்.

அதற்கு முன்னால், கண்டனூரில் இருந்து மலை அடிவாரம் வரை 150 கி.மீ. தூரத்தை 80-ல் ஓட்டினால் டிரெய்லருக்காக மட்டும் 4.3 லிட்டர் செலவாகியிருக்கும். அதை 60-ல் ஓட்டினால் 2.9 லிட்டர். மிச்சம் 1.4 லிட்டர். அதாவது, சமதரையில் வேகத்தைக் குறைத்து மிச்சம் பிடித்த டீசலிலேயே டிரெய்லரை மலை உச்சி வரை தூக்கிவிடலாம்.

அப்படியென்றால் மலைப்பாதையில் கவலையே இல்லையா? இருக்கிறது. அது டீசல் கவலை இல்லை, பிரேக் கவலை.

ஏறும்போது சேர்த்த ஆற்றல் இறங்கும்போது எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். கார், டிரெய்லர் சேர்த்து 2,300 கிலோ, 1,800 மீட்டர் இறங்குகிறது. டயரும் காற்றும் எடுத்துக்கொண்டது போக, பாதியளவு ஆற்றலை இன்ஜினும் பிரேக்கும் தான் தாங்க வேண்டும். முழுவதையும் பிரேக்கின் தலையில் கட்டினால், சுமார் 70 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு சூடு அது. பிரேக் அந்தச் சூட்டைத் தாங்காமல் பிடிமானம் இழப்பதைத்தான் 'பிரேக் ஃபெயிலியர்' என்று செய்தியில் படிக்கிறோம்.

* இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர், அல்லது அதைவிடக் குறைந்த கியர்.
* நியூட்ரலில் போட்டு இறங்கவே கூடாது. டீசல் மிச்சமாகும் என்று நினைப்பது தவறு. இன்றைய இன்ஜின்கள், கியரில் இருக்கும்போது காலை எடுத்தாலே டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் போகும்.
* பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராமல், விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். கருகல் வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள்.
* மேலே ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி.

கொடைக்கானல் செல்ல 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. அதை எடுக்கும்போதே டிரெய்லரோடு வருவதற்கு அனுமதி உண்டா, எங்கே நிறுத்தலாம் என்றும் கேட்டுவிடுங்கள். வளைவில் திரும்ப முடியாமல் பின்னால் பத்து பஸ் நிற்கும் நிலைமை வேண்டாம்.

எந்த டிரெய்லர் குறைவாகக் குடிக்கும்?

உயரமான பெட்டி வகைக்குப் பதில், காரின் உயரத்துக்குள் அடங்கும் நீர்த்துளி வகையையோ மடக்கு வகையையோ எடுத்தால் என்ன ஆகும்? கார் ஏற்கனவே கிழித்துவிட்ட காற்றுக்குள்ளேயே டிரெய்லர் மறைந்து வரும். எடை அதே 700 கிலோவாக இருந்தாலும், 80 வேகத்தில் 100 கி.மீ.க்குக் கூடுதல் டீசல் 2.9 லிட்டரில் இருந்து சுமார் 1.5 லிட்டராகக் குறையும். கிட்டத்தட்டப் பாதி!

ஆகவே வாங்கும்போதும் வாடகைக்கு எடுக்கும்போதும் "எத்தனை கிலோ?" என்று கேட்பதோடு, "காரின் கூரைக்கு மேல் எவ்வளவு உயரம்?" என்றும் கேளுங்கள். முன்பக்கம் தட்டையாக இருப்பதைவிட வளைந்து இருப்பது நல்லது. காரின் கூரையில் லக்கேஜ் கேரியர் போட்டு மூட்டை கட்டுவதும் காற்றுத் தடையைக் கூட்டும். டிரெய்லரில் இடம் இருக்கும்போது அதை உள்ளே வைத்துவிடுங்கள்.

பெட்ரோல் கார், எலெக்ட்ரிக் கார் என்றால்?

ஒரு லிட்டர் பெட்ரோலில் டீசலைவிட ஆற்றல் குறைவு. பெட்ரோல் இன்ஜின் சக்கரத்துக்குக் கொண்டுவரும் பங்கும் பொதுவாகக் குறைவு. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால், இ20 பெட்ரோலில் இன்னும் கொஞ்சம் குறையும். எனவே மேலே சொன்ன கூடுதல் லிட்டர் கணக்கு பெட்ரோல் காரில் இன்னும் அதிகமாகத்தான் வரும்.

எலெக்ட்ரிக் காரில் பணச் செலவு குறைவு. ஆனால் பிரச்சினை தூரம். 100 கி.மீ.க்கு 15 யூனிட் எடுக்கும் கார், இந்த டிரெய்லரை 80-ல் இழுத்தால் சுமார் 25 யூனிட் எடுக்கும். 40 யூனிட் பேட்டரியில் 265 கி.மீ. போகும் கார், 160 கி.மீ.யிலேயே நின்றுவிடும். கண்டனூரில் இருந்து ராமேஸ்வரம் போய்ச் சேருவதே இழுபறிதான். வழியில் சார்ஜ் போடும் இடத்தில், டிரெய்லரைக் கழற்றாமல் நிறுத்த முடியுமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

பழனி பாதயாத்திரைக்கு இந்தக் கணக்கு பொருந்துமா?

வீட்டையும் சமையலறையையும் கூடவே கொண்டு போவது செட்டிநாட்டுக்குப் புதுசு இல்லை. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்து போகும்போது, அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் மாட்டு வண்டியில் கூடவே போன காலம் உண்டு. இன்று நடந்து போகும் குழுக்களுக்குப் பின்னால் வேன், லோடு வண்டி, டிரெய்லர் போகின்றன.

இங்கே காற்றுக் கணக்கு எடுபடாது. நடை வேகம் மணிக்கு 4, 5 கி.மீ.தான். இந்த வேகத்தில் டீசலைக் குடிப்பது ஐடிலிங். நின்றபடி உறுமும் ஒரு டீசல் இன்ஜின் மணிக்குச் சுமார் முக்கால் லிட்டர் வரை குடிக்கும். ஆறு மணி நேரம் ஊர்ந்தால் நாலரை லிட்டர், போன தூரமோ 25 கி.மீ.தான். சமையல் சாமான் வண்டியை அடுத்த தங்கல் இடத்துக்கு முன்னாலேயே அனுப்பி இன்ஜினை நிறுத்திவிட்டால், அதே தூரத்துக்கு இரண்டு, மூன்று லிட்டர் போதும். இரவில் நடப்பவர்களுக்குப் பாதுகாப்பாகப் பின்னால் விளக்கு போட்டு வரும் வண்டி வேறு விஷயம். அதில் டீசல் கணக்குப் பார்க்க வேண்டாம்.

மைலேஜையும் உயிரையும் காக்கும் 7 விஷயங்கள்

1. வேகம் 60 முதல் 70-க்குள். ஜெர்மனியில் வேகக் கட்டுப்பாடே இல்லாத சாலைகள் இருந்தும், டிரெய்லர் இழுக்கும் காருக்கு 80 கி.மீ.தான் எல்லை. சிறப்பு அனுமதி பெற்றால் 100. காரணம் டீசல் இல்லை, பாதுகாப்பு.

2. டயர் காற்று. கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். காற்று குறைந்தால் டீசலும் போகும், டயரும் சூடாகி வெடிக்கும்.

3. பாரத்தை அச்சுக்கு மேலேயே, தாழ்வாக வையுங்கள். டிரெய்லர் எடையில் 4 முதல் 7 சதவீதம் கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது ஐரோப்பாவில் பின்பற்றும் அளவு. 700 கிலோவுக்கு 30 முதல் 50 கிலோ. பின்பக்கம் கனத்தால் டிரெய்லர் ஆடும்.

4. தண்ணீர் டேங்கை ஊரிலேயே நிரப்ப வேண்டாம். ஒரு லிட்டர் ஒரு கிலோ. சமதரையில் பெரிய செலவில்லை, ஆனால் பாதி நிரம்பிய டேங்கில் தண்ணீர் அலம்பும்போது டிரெய்லரும் சேர்ந்து ஆடும்.

5. கேஸ் சிலிண்டரில் கவனம். 2023 ஆகஸ்ட் 26-ல் மதுரையில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், சட்டவிரோதமாகக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்ததை மறக்க முடியாது. மூடிய பெட்டிக்குள் அடுப்புப் பற்றவைக்காதீர்கள். வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் கழற்றப்பட்டிருக்க வேண்டும்.

6. ஓடும்போது டிரெய்லருக்குள் ஆள் இருக்கக் கூடாது. "பசங்க தூங்கிட்டு வரட்டும்" என்ற பேச்சே வேண்டாம். உள்ளே சீட் பெல்ட்டும் இல்லை, கூப்பிட்டால் டிரைவருக்குக் கேட்கவும் கேட்காது.

7. முதல் 30 கி.மீ.யில் ஒரு தடவை நிறுத்துங்கள். கொக்கி, பாதுகாப்புச் சங்கிலி, பின்விளக்கு, பிரேக் விளக்கு பாருங்கள். சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டு போனாலே அனல் அடித்தால் பேரிங்கில் கிரீஸ் இல்லை என்று அர்த்தம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இன்ஜின் இல்லாவிட்டாலும், மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி டிரெய்லரும் ஒரு 'மோட்டார் வாகனம்'தான். எனவே தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இழுக்கும் காரின் பதிவு எண் டிரெய்லரின் பின்னாலும் தெரிய வேண்டும். இல்லையென்றால் பின்னால் வருபவருக்கு உங்கள் காரின் நம்பரே தெரியாது.

லேத் பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்த டிரெய்லரை அப்படியே ரோட்டில் இறக்கிவிட முடியாது. கிளம்பும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் டிரெய்லர் இழுப்பதைத் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் விட்டு விபத்து நடந்தால் இழப்பீட்டில் சிக்கல் வரும்.

காரின் கையேட்டையும் பாருங்கள். எத்தனை கிலோ வரை இழுக்கலாம், பிரேக் உள்ள டிரெய்லருக்கு எவ்வளவு, பிரேக் இல்லாததற்கு எவ்வளவு என்று அதில் இருக்கும். இழுக்கக் கூடாது என்று போட்டிருந்தால் அந்தக் காரில் முயற்சி செய்யாதீர்கள். கிளட்ச், கியர்பாக்ஸ் போனால் ஆகும் செலவுக்கு முன்னால் டீசல் செலவெல்லாம் சும்மா.

உங்கள் வண்டியின் உண்மையான மைலேஜை அளப்பது எப்படி?

டேஷ்போர்டு காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். டேங்க் டு டேங்க் முறைதான் சரி.

* ஒரு பங்கில் டேங்கை நிரப்புங்கள். கன் தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள். கி.மீ. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.
* டிரெய்லர் இல்லாமல் குறைந்தது 100 கி.மீ. ஓட்டி, அதே பங்கில் மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை, நிரப்பிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ்.
* அதே சாலையில், அதே வேகத்தில், டிரெய்லரோடு ஒரு முறை.
* கடைசியாக, டிரெய்லரோடு வேகத்தை 20 கி.மீ. குறைத்து இன்னொரு முறை.

இந்த மூன்று எண்கள் கையில் இருந்தால், எந்த ஊருக்குக் கிளம்பினாலும் டீசல் செலவை வீட்டிலேயே கணக்குப் போட்டுவிடலாம்.

மொத்தத்தில்...

சின்ன கேம்பிங் டிரெய்லர் இழுத்தால், லிட்டருக்கு 15 கி.மீ. தரும் கார் 10 கி.மீ. சொச்சம்தான் தரும் என்று எடுத்துக்கொண்டு பட்ஜெட் போடுங்கள். அதை 13-க்குக் கொண்டு போவதும் 8-க்கு இறக்குவதும் உங்கள் வேகம்தான். சமதரையில் காற்றைப் பாருங்கள், மலையில் எடையைப் பாருங்கள். சமதரையில் வேகம் கூடினால் பணம்தான் போகும். மலையில் இறங்கும்போது அந்த அவசரம் வேண்டவே வேண்டாம்.